ஈஸ்ட்டில் பொதுப் படியெடுப்புக் காரணிகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

படியெடுப்பு என்பது மரபணுவின் டிஎன்ஏ வரிசையை ஆர்என்ஏவாக எழுதுவது. அதைத் தொடங்கிவைக்க மரபணுக்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் புரதங்கள்தான் பொதுப் படியெடுப்புக் காரணிகள். அப்படி ஒரு காரணியை ஈஸ்ட்டிலிருந்து நீக்கிவிட்டு மரபணு வெளிப்பாடு என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனை, காகிதத்தில் எளிது. காரணி போனால் படியெடுப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் அப்படி வருவது குறைவு. ஒன்று, எதுவுமே மாறியிருக்காது. இல்லையென்றால், மாறக்கூடாததெல்லாம் மாறியிருக்கும். உடனே அந்தக் காரணியைப் பற்றிப் புதுக் கதை கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சந்தேகப்படுவதற்கு ஒரு வரிசை வேண்டும். நான் சொல்லும் வரிசை: முதலில் அளவுகோல், அடுத்து காரணியை நீக்கிய முறை, அதற்கடுத்து புரோமோட்டரின் (மரபணுவுக்கு முன்னால் இருக்கும், படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ பகுதியின்) வகை, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் காரணி.

இங்கே எழுதியிருப்பது சாக்கரோமைசிஸ் செரிவிசியேவுக்கு, அதாவது ரொட்டிக்கும் பீருக்கும் போடும் ஈஸ்ட்டுக்கு. உங்கள் ஜெல்லிலோ பிளேட்டிலோ என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் கீழே வரும் யார் எவர் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

யார் எவர்

புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவை எழுதுவது ஆர்என்ஏ பாலிமரேஸ் 2. பன்னிரண்டு துணை அலகுகள் கொண்ட இந்த நொதியால் ஒரு மரபணு எங்கே தொடங்குகிறது என்று தானாகக் கண்டுபிடிக்க முடியாது. புரோமோட்டரில் உள்ள டாட்டா பெட்டி என்ற குறுகிய வரிசையையோ அதைப் போன்ற ஒன்றையோ பிடித்து, டிஎன்ஏவைக் கூர்மையாக வளைத்து வைப்பது டிபிபி புரதம். ஈஸ்ட்டில் அதன் மரபணுவுக்குப் பெயர் எஸ்பிடி15. டிபிபியும் பதினான்கு டாஃப் புரதங்களும் சேர்ந்தது டிஎஃப்2டி. டிபிபியின் பிடியை உறுதிப்படுத்துவது டிஎஃப்2ஏ. பாலிமரேஸை டிபிபியோடு இணைத்து, தொடங்கும் இடத்தைத் தீர்மானிப்பதில் பங்கெடுப்பது டிஎஃப்2பி. அதன் மரபணு சுவா7. டிஎஃப்2எஃப் பாலிமரேஸோடு ஒட்டியே வரும். டிஎஃப்2இ அடுத்து வருகிற டிஎஃப்2ஹெச்சுக்கு இடம் ஏற்படுத்தும். பத்து அலகுகள் கொண்ட டிஎஃப்2ஹெச்சில் இரண்டு பேரை மறக்கக்கூடாது: ஏடிபியைச் செலவழித்து டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் எஸ்எஸ்எல்2, பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட் ஏற்றும் கின்28. இவர்களுக்கு மேலே, தூண்டும் புரதங்களின் கட்டளையைக் கொண்டுவந்து சேர்க்க மீடியேட்டர், சாகா என்ற இரண்டு பெரிய புரதத் தொகுதிகள் இருக்கின்றன.

இந்தக் கூட்டத்தின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டிய பணியில் பெரும்பகுதி ஈஸ்ட்டில்தான் நடந்தது. ரோஜர் கோர்ன்பெர்க் 2006இல் வேதியியல் நோபல் பெற்றது இதற்காகவே.

அறிகுறி: காரணியை நீக்கினேன், ஆர்என்ஏ அளவு அசையவே இல்லை

அடிக்கடி கேட்கும் புகார் இது. இதற்குள் மூன்று வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி, காரணி உண்மையிலேயே போனதா? ஆக்சின் டெக்ரான் முறையில் (காரணியோடு டேக் என்ற ஒட்டுத் துண்டைச் சேர்த்து வைத்து, ஆக்சின் ஊற்றியதும் செல்லே அதை அழிக்கும் முறை) நீக்கியிருந்தால் வெஸ்டர்ன் பிளாட், அதாவது குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் சோதனை, போதும். ஆக்சின் சேர்ப்பதற்கு முன், சேர்த்த பின், டேக் இல்லாத தாய் ஸ்ட்ரெய்ன் (ஈஸ்ட் வகை) என்று மூன்று லேனும் ஒரே ஜெல்லில் இருக்க வேண்டும். மூன்றாவது லேனைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டெக்ரான் டேக் போட்ட புரதம் ஆக்சின் சேர்ப்பதற்கு முன்பே கசிந்து குறைவது சகஜம். அப்படிக் குறைந்திருந்தால் உங்கள் "பூஜ்ஜிய நிமிடம்" உண்மையில் பூஜ்ஜியம் இல்லை. செல் அந்தக் குறைவுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. ஆக்சின் கரைசல் பழையதாகி நிறம் மாறியிருந்தால் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள்.

ஆங்கர் அவே முறையில் நீக்கியிருந்தால் வெஸ்டர்ன் உதவாது. அந்த முறையில் ராபமைசின் சேர்த்ததும் காரணி ரைபோசோம் புரதத்தோடு பிணைக்கப்பட்டு உட்கருவிலிருந்து வெளியே இழுத்துச் செல்லப்படுகிறது, அழிவதில்லை. வெஸ்டர்னில் பேண்ட் அப்படியே இருக்கும், அதைப் பார்த்து முறை தோற்றது என்று நினைப்பீர்கள். ஒளிரும் டேக் போட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், அல்லது புரோமோட்டரில் சிப் (ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஆன்டிபாடியால் இழுத்துப் பார்க்கும் முறை) செய்து பாருங்கள். இரண்டுக்கும் வசதி இல்லையென்றால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ராபமைசின் பிளேட்டில் டேக் போட்ட ஸ்ட்ரெய்னையும் போடாததையும் பக்கத்தில் பக்கத்தில் புள்ளி வையுங்கள். உயிர்வாழ அவசியமான காரணி என்றால் டேக் போட்டது வளரக்கூடாது, போடாதது வளர வேண்டும்.

சரி, காரணி போய்விட்டது. ஆனாலும் எம்ஆர்என்ஏ குறையவில்லை. இப்போது இரண்டாவது கேள்வி: நீங்கள் அளந்தது புதிதாக எழுதப்பட்ட ஆர்என்ஏவையா, செல்லில் இருக்கும் மொத்த ஆர்என்ஏவையா? மொத்த அளவு என்பது எழுதும் வேகத்துக்கும் சிதையும் வேகத்துக்கும் இடையிலான கணக்கு. எழுதுவது குறைந்தால் ஈஸ்ட் சிதைவையும் குறைத்துக்கொள்கிறது. மெதுவாக எழுதும் பாலிமரேஸ் 2 மியூட்டன்ட்டை (மரபணு மாற்றம் கொண்ட ஈஸ்ட்டை) வைத்து பேட்ரிக் கிராமர் குழு இதை 2012இல் காட்டியது. அங்கே உற்பத்தி நன்றாகவே விழுந்திருந்தது. சிதைவும் சேர்ந்து குறைந்ததால் மொத்த அளவு பெரிய அளவில் விழவில்லை. மொத்த ஆர்என்ஏவை அளக்கும் சாதாரண ஆர்டி-க்யூபிசிஆரோ ஆர்என்ஏ சீக்வென்சிங்கோ செய்தால் இந்த ஈடுகட்டல்தான் கண்ணில் படும், காரணியின் வேலை கண்ணில் படாது.

தீர்வு, புதிய ஆர்என்ஏவை மட்டும் பிடிப்பது. 4-தயோயூராசிலைக் கல்ச்சரில் சேர்த்தால் ஈஸ்ட் அதை எடுத்துக்கொண்டு புதிதாக எழுதும் ஆர்என்ஏவில் வைக்கும். சில நிமிடங்களுக்குப் பிறகு செல்களை அறுவடை செய்து, அந்த கந்தகத்தில் பயோட்டின் ஏற்றி, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் இழுத்தெடுக்க வேண்டும். லேபிள் நேரம் ஐந்து நிமிடத்தை ஒட்டி இருக்கட்டும். அரை மணி நேரம் விட்டால் மறுபடியும் பழைய சிக்கலுக்கே திரும்புகிறீர்கள், ஏனெனில் ஈஸ்ட்டின் எம்ஆர்என்ஏக்கள் பலவற்றின் அரையாயுளே நிமிடக் கணக்கில்தான். ஊடகத்தில் யூராசில் தாராளமாக இருந்தால் லேபிள் ஏறாது; அதைக் குறையுங்கள். லேபிள் போடாத கல்ச்சர் ஒன்றையும் கடைசி வரை கூடவே நடத்துங்கள். அதில் மணிகளோடு வருவதெல்லாம் உங்கள் பின்னணி இரைச்சல்.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். புரிந்துகொள்ள மேலே சொன்னவை தேவை என்பதால் பின்னால் வைத்தேன். எதை வைத்து நார்மலைஸ் செய்தீர்கள், அதாவது மாதிரிகளை ஒப்பிட எதை நிலையான அளவாக எடுத்தீர்கள்? ஆக்டின் மரபணுவை வைத்தா? அதையும் எழுதுவது பாலிமரேஸ் 2தான். நீங்கள் நீக்கிய காரணி அதற்கும் வேண்டும். நீர்மட்டம் இறங்கும்போது எல்லாப் படகும் சேர்ந்தே இறங்கும். ஒரு படகை இன்னொரு படகோடு ஒப்பிட்டால் எதுவும் நடக்காதது போலத்தான் இருக்கும். மொத்த ரீட் (படித்த துண்டு) எண்ணிக்கையால் வகுக்கும் சீக்வென்சிங் கணக்கிலும் இதே கோளாறு இருக்கிறது.

ஆக்டின் வேண்டாமென்றால் எஸ்சிஆர்1 ஆர்என்ஏவை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. அதை எழுதுவது பாலிமரேஸ் 3 என்பதால் அது தப்பிக்கும் என்பது கணக்கு. டிஎஃப்2பி, டிஎஃப்2ஹெச் போன்றவற்றை நீக்கும்போது அது சரி. டிபிபியை நீக்கும்போது சரியில்லை. டிபிபி மூன்று பாலிமரேஸ்களுக்கும் பொது. பாலிமரேஸ் 3இன் டிஎஃப்3பி தொகுதிக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. டிபிபி போனால் எஸ்சிஆர்1, கடத்து ஆர்என்ஏக்கள் எல்லாவற்றின் புதிய உற்பத்தியும் விழும். ஏற்கெனவே இருக்கும் ஆர்என்ஏ நிலையானது என்பதால் மொத்த அளவில் கொஞ்ச நேரம் தெரியாது. லேபிள் போட்ட ஆர்என்ஏவில் உடனே தெரியும்.

எனவே அளவுகோல் வெளியிலிருந்து வர வேண்டும். பிளவு ஈஸ்ட்டான சைசோசாக்கரோமைசிஸ் பாம்பே இதற்குத் தோதானது. அதன் மரபணு வரிசைகள் ரொட்டி ஈஸ்ட்டிலிருந்து போதுமான அளவு விலகியிருப்பதால் ரீட்களைக் குழப்பமில்லாமல் பிரிக்கலாம். அதைத் தனியே வளர்த்து, தனியே லேபிள் போட்டு, ஒரே தொகுதியிலிருந்து எல்லா மாதிரிக்கும் சம எண்ணிக்கையில் செல்களைச் சேருங்கள். சேர்க்கும் கட்டம் முக்கியம்: செல்லை உடைப்பதற்கு முன் சேர்க்க வேண்டும். ஆர்என்ஏ எடுத்த பிறகு மைக்ரோகிராம் கணக்கில் சேர்த்தால், பிரித்தெடுப்பதில் நடந்த இழப்பு எதையும் அது ஈடுகட்டாது. உங்கள் ஈஸ்ட்டையும் எண்ணியே எடுங்கள். கல்ச்சரின் கலங்கலைக் காட்டும் ஒளி அடர்த்தியை மட்டும் நம்பினால், காரணி போனதால் செல் பருத்திருந்தாலோ கொத்தாக ஒட்டியிருந்தாலோ எண்ணிக்கை தவறிவிடும்.

அறிகுறி: சில மரபணுக்கள் விழுந்தன, மற்றவை நன்றாக ஓடுகின்றன

இந்த முடிவை வைத்துத் துறையே இருபது ஆண்டுகள் விவாதித்திருக்கிறது, அதனால் ஒரு வாரத்தில் தீர்க்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். 1996இல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியே, டாஃப்களை இழந்த ஈஸ்ட்டிலும் பல மரபணுக்கள் ஓடுகின்றன என்று எழுதின. 2004இல் வந்த மரபணுத்தொகுதி அளவிலான ஆய்வு, ஏறக்குறைய 90 சதவீத மரபணுக்கள் டிஎஃப்2டியை நம்பியும், 10 சதவீதம் சாகாவை நம்பியும் இருக்கின்றன என்று பிரித்தது. அதே ஆண்டு, ஒழுங்கான டாட்டா பெட்டி உள்ளவை ஈஸ்ட் மரபணுக்களில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றும், அவை பெரும்பாலும் அழுத்தச் சூழலில் எழும் மரபணுக்கள் என்றும் தெரிந்தது. 2017இல் புதிய ஆர்என்ஏவை மட்டும் அளந்தபோது படம் மாறியது: டிஎஃப்2டி, சாகா இரண்டுமே ஏறக்குறைய எல்லா மரபணுக்களுக்கும் வேண்டும். 2020இல் வேகமாக நீக்கும் முறைகளைக் கொண்டு வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமாகச் சொன்னது. சுமார் 13 சதவீத மரபணுக்களில் இவ்விரண்டில் ஒன்று போனாலும் மற்றது ஓரளவு தாங்கிக்கொள்கிறது. மீதி மரபணுக்கள் டிஎஃப்2டியையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் "சில மட்டும்" எந்தக் காலத்து "சில மட்டும்" என்று பார்க்க வேண்டும். மொத்த ஆர்என்ஏவில் பார்த்தீர்களா? அப்படியானால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். புதிய ஆர்என்ஏவில், வெளி அளவுகோலோடு பார்த்தும் சில மட்டுமே விழுந்திருந்தால், விழாதவற்றின் புரோமோட்டர்களை எடுத்து வரிசைப்படுத்துங்கள். டாட்டா பெட்டி உள்ளவை அதில் குவிந்திருந்தால் சாகா தாங்குகிறது என்று ஊகிக்கலாம். உறுதிப்படுத்த, சாகாவின் எஸ்பிடி3 அல்லது எஸ்பிடி20ஐயும் சேர்த்து நீக்கிப் பாருங்கள். எஸ்பிடி3 டிபிபியைக் கையாளும் பகுதி. எஸ்பிடி20 போனால் சாகாவின் உடலே கலைந்துவிடும். எது போனபோது என்ன விழுந்தது என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ரைபோசோம் புரத மரபணுக்கள் மட்டும் முதலில் விழுந்து, மற்றவை பின்னால் விழுகின்றனவா? டாஃப் குறைபாட்டில் அது இயல்பு. ஆனால் அடுத்த அறிகுறியையும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: கண்ட்ரோல் ஸ்ட்ரெய்னிலும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறுகின்றன

நீக்கிய முறையே செல்லைத் தொந்தரவு செய்கிறது. வெப்ப உணர்வுள்ள மியூட்டன்ட் என்றால், 37 டிகிரிக்கு மாற்றியதுமே வெப்ப அதிர்ச்சி எதிர்வினை கிளம்பும். சூழல் அழுத்தம் எதுவானாலும் ஈஸ்ட் சுமார் 900 மரபணுக்களின் அளவை மாற்றுகிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. அதில் ரைபோசோம் புரத மரபணுக்கள் இறங்கும் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே இயல்பு ஸ்ட்ரெய்னையும் அதே நேரம், அதே வெப்பத்தில் வைத்து ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. குடுவையை இன்குபேட்டர் மாற்றி வைத்தால் உள்ளே சூடேறப் பல நிமிடம் ஆகும். கலந்ததும் 37 வரும்படி முன்சூடாக்கிய ஊடகத்தை அதே அளவு ஊற்றினால் உடனே அந்த வெப்பத்தை எட்டலாம்.

ராபமைசின் என்றால், உங்கள் ஸ்ட்ரெய்னில் ராபமைசினைத் தாங்கவைக்கும் டோர்1-1 மாற்றமும் எஃப்பிஆர்1 நீக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாத ஈஸ்ட்டுக்கு ராபமைசின் கொடுத்தால் வளர்ச்சியை நடத்தும் டோர் பாதை அணைந்து, ரைபோசோம் புரத மரபணுக்கள் கூட்டமாக விழும். அதைப் பார்த்து டிஎஃப்2டி விளைவு என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம், ஏனெனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மரபணுக்களைத் தொடுகின்றன. கலப்பினம் செய்து எடுத்த ஸ்ட்ரெய்ன்களில் இது அடிக்கடி நடக்கும். ஸ்போர் பிரியும்போது டோர்1-1 ஒருபக்கமும் டேக் மறுபக்கமும் போய்விடும்.

ஆக்சினுக்கு, அது கரைந்திருக்கும் எத்தனாலையோ டிஎம்எஸ்ஓவையோ மட்டும் சேர்த்த கண்ட்ரோலும், டேக் இல்லாத ஸ்ட்ரெய்னுக்கு ஆக்சின் சேர்த்த கண்ட்ரோலும் வேண்டும். அப்புறம் குளுக்கோஸ். கல்ச்சர் அடர்ந்துபோய் குளுக்கோஸ் தீர்ந்த நிலையில் எடுத்தால் எந்தக் காரணியும் இல்லாமலேயே மரபணு வெளிப்பாடு தலைகீழாகும். ஒளி அடர்த்தி ஒன்றைத் தாண்டுவதற்கு முன்பே அறுவடை செய்துவிடுங்கள்.

அறிகுறி: ஆர்என்ஏ இருக்கிறது, ஆனால் தவறான இடத்தில் தொடங்குகிறது

எனக்குப் பிடித்த அறிகுறி இதுதான், ஏனென்றால் இங்கே பதில் நேரடியாகக் காரணியைக் காட்டும்.

மனித செல்லில் டாட்டா பெட்டிக்குச் சுமார் 30 டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி) கீழே, அதாவது மரபணு ஓடும் திசையில், படியெடுப்பு தொடங்கிவிடும். ரொட்டி ஈஸ்ட்டில் அப்படி இல்லை. 40 முதல் 120 எழுத்துகள் வரை கீழே எங்கும் தொடங்கலாம். இழைகளைத் திறந்த பிறகு பாலிமரேஸ் கீழ்நோக்கித் தேடிக்கொண்டே போய், ஒத்துவரும் எழுத்தைக் கண்டதும் தொடங்குகிறது. டிஎன்ஏவை இழுத்துக் கொடுப்பது டிஎஃப்2ஹெச்சின் எஸ்எஸ்எல்2. எந்த எழுத்தை ஏற்பது, எதைத் தாண்டுவது என்பதில் டிஎஃப்2பிக்கும் டிஎஃப்2எஃப்புக்கும் பாலிமரேஸின் வினைமையத்துக்கும் பங்கு உண்டு. பிளவு ஈஸ்ட்டில் இந்த இடைவெளி மனிதனைப் போலக் குறுகியது. 1994இல் கோர்ன்பெர்க் குழு ரொட்டி ஈஸ்ட்டின் டிஎஃப்2பியையும் பாலிமரேஸையும் எடுத்துவிட்டு பிளவு ஈஸ்ட்டினுடையதைச் சோதனைக்குழாயில் வைத்தபோது, தொடங்கும் இடமும் பிளவு ஈஸ்ட்டின் பாணிக்கு மாறியது.

சுவா7 மரபணு கண்டுபிடிக்கப்பட்டதும் இப்படி ஒரு பிழையிலிருந்துதான். சிஒய்சி1 மரபணுவின் முன்பகுதியில் தேவையில்லாத ஓர் ஏடிஜி (புரதம் தொடங்கும் குறி) நுழைந்து, புரதம் உருவாகாமல் போன ஸ்ட்ரெய்ன் ஒன்று. அதைச் சரிசெய்த மாற்றங்களைத் தேடியபோது, படியெடுப்பின் தொடக்கத்தையே அந்தப் போலி ஏடிஜிக்குக் கீழே தள்ளிய மியூட்டன்ட்கள் கிடைத்தன. அதில் ஒன்று டிஎஃப்2பி என்று 1992இல் தெரிந்தது.

உங்கள் மியூட்டன்ட்டை எடைபோட ஏடிஹெச்1 மரபணுவில் பிரைமர் எக்ஸ்டென்ஷன் (ஆர்என்ஏவின் தொடக்க முனை வரை டிஎன்ஏ நகல் எடுத்து அதன் நீளத்தை அளக்கும் முறை) செய்யுங்கள். இயல்பு ஈஸ்ட்டில் இரண்டு தடித்த பேண்ட் தெரியும்: ஏடிஜிக்கு 37 எழுத்து மேலே ஒன்று, 27 எழுத்து மேலே ஒன்று. ஜெல்லில் 37 உயரத்தில், 27 அதற்குக் கீழே. சுவா7 மியூட்டன்ட் என்றால் 37 மங்கி, 27உம் அதற்குக் கீழே உள்ளவையும் தடிக்கும். டிஎஃப்2எஃப்பின் டிஎஃப்ஜி1, டிஎஃப்ஜி2 மியூட்டன்ட்களில் நேர்மாறு: 37க்கு மேலே, இயல்பில் தெரியாத இடங்களில் பேண்ட்கள் எழும். இந்தச் சோதனையின் அழகு என்னவென்றால் அளவுகோல் தொல்லை இல்லை. ஒரே லேனுக்குள் ஒரு பேண்டை இன்னொன்றோடு ஒப்பிடுகிறீர்கள். எவ்வளவு ஆர்என்ஏ ஏற்றினீர்கள் என்பது விகிதத்தை மாற்றாது.

பேண்ட்கள் ஏணி போல வரிசையாக இறங்கினால் அது காரணி அல்ல, சிதைந்த ஆர்என்ஏ. எல்லா ஸ்ட்ரெய்னிலும் ஒரே இடத்தில் ஒரு கூடுதல் பேண்ட் வந்தால், நகல் எடுக்கும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் அங்கே தடுக்கி நிற்கிறது. அதே பிரைமரால் செய்த சீக்வென்சிங் ஏணியைப் பக்கத்தில் ஓட்டாமல் எழுத்துக் கணக்கு சொல்லாதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு அறிகுறி பிளேட்டில் வரும்: மைக்கோஃபீனாலிக் அமிலத்தில் மியூட்டன்ட் வளராது. பாடப்புத்தகப் பழக்கத்தில் உடனே நீட்சிக் குறைபாடு (தொடங்கிய ஆர்என்ஏவை நீட்டி எழுத முடியாமை) என்று எழுதத் தோன்றும், ஏனெனில் நீட்சிக்கு உதவும் டிஎஃப்2எஸ் இல்லாத ஈஸ்ட் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் தொடங்கும் இடம் மேல்நோக்கி நகர்ந்தாலும் இதே விளைவு வரும். ஆர்என்ஏவில் ஜி எழுத்தாகச் சேரும் ஜிடிபியை அந்த அமிலம் குறைக்கிறது. ஈஸ்ட் ஐஎம்டி2 மரபணுவை எழுப்பித் தப்பிக்கிறது. ஜிடிபி நிறைய இருக்கும்போது ஐஎம்டி2 மேலேயுள்ள ஜி எழுத்துகளில் தொடங்கி, உருப்படாத குட்டி ஆர்என்ஏவாக முடிந்துவிடும். ஜிடிபி குறைந்ததும் பாலிமரேஸ் அந்த ஜிக்களைத் தாண்டிக் கீழேயுள்ள ஓர் ஏ எழுத்தில் தொடங்க, பயனுள்ள எம்ஆர்என்ஏ வருகிறது. மேலேயே அவசரப்பட்டுத் தொடங்கும் மியூட்டன்ட்டால் இந்தத் தாண்டலைச் செய்ய முடியாது. ஆகவே மைக்கோஃபீனாலிக் அமில பிளேட்டைப் பார்த்த கையோடு ஐஎம்டி2 ஆர்என்ஏவின் நீளத்தைக் காட்டும் நார்தர்ன் பிளாட்டும் ஒன்று செய்துவிடுங்கள்.

அறிகுறி: டிபிபி எங்கு பார்த்தாலும் ஒட்டியிருப்பதாகச் சிப் சொல்கிறது

முதலில், அந்த இடங்கள் கடத்து ஆர்என்ஏ மரபணுக்களா? அப்படியானால் பிழையே இல்லை. டிஎஃப்3பிக்குள் இருக்கும் டிபிபி அது, உண்மையான சமிக்ஞை.

அதிகம் எழுதப்படும் மரபணுக்களின் உடல் முழுக்கச் சமிக்ஞை வந்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் எந்தப் புரதத்தைப் பிடித்தாலும் சிப் உயரும் என்று 2013இல் காட்டப்பட்டது. டிஎன்ஏவோடு எந்த உறவும் இல்லாத ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியைப் பிடித்தபோதும் அங்கே சமிக்ஞை வந்தது. உட்கருவுக்குள் போகும் ஜிஎஃப்பியை அதே ஆன்டிபாடி முறையில் இழுத்து, அதைக் கழித்துப் பாருங்கள். டேக் இல்லாத ஸ்ட்ரெய்ன் கண்ட்ரோலும் கூடவே இருக்கட்டும். ஃபார்மால்டிஹைடில் அதிக நேரம் வைப்பதும் இதை வளர்க்கும்.

அறிகுறி: டிபிபி புரோமோட்டரில் உட்கார்ந்திருக்கிறது, எம்ஆர்என்ஏ வரவில்லை

டிபிபி வந்துவிட்டால் வேலை முடிந்ததென்று அர்த்தமில்லை. அடுத்தடுத்த படிகளைச் சிப் மூலம் வரிசையாகப் பாருங்கள்: டிஎஃப்2பி, பாலிமரேஸ், எஸ்எஸ்எல்2. டிபிபி இருந்து டிஎஃப்2பி இல்லையென்றால், என்சி2 போன்ற தடுப்பான் டிபிபியின் மேல் அமர்ந்திருக்கலாம். மோட்1 புரதத்தையும் நினைவில் வையுங்கள். ஏடிபியைச் செலவழித்து டிபிபியை டாட்டாவிலிருந்து பிய்த்தெடுப்பது அதன் தொழில். மோட்1 மியூட்டன்ட்டில் டிபிபி நல்ல டாட்டா பெட்டிகளில் தேங்கி, டாட்டா இல்லாத புரோமோட்டர்களுக்குப் போதாமல் போகும். அங்கே பிழை டிபிபியின் அளவில் இல்லை, பங்கீட்டில்.

பாலிமரேஸ் வரை எல்லாம் வந்தும் எம்ஆர்என்ஏ குறைந்தால் கின்28ஐப் பாருங்கள். பாலிமரேஸ் 2இன் பெரிய அலகுக்கு ஒரு வால் உண்டு. ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தொடர் ஈஸ்ட்டில் 26 முறையை ஒட்டித் திரும்ப வருகிறது. அதில் ஐந்தாம் இடத்து செரீனில் கின்28 பாஸ்பேட் ஏற்றினால்தான் ஆர்என்ஏவின் முனையில் பாதுகாப்புத் தொப்பி போடும் நொதி வந்து ஒட்டும். தொப்பி இல்லாத ஆர்என்ஏ எழுதப்பட்டும் நிலைக்காது. செரீன்-5 பாஸ்பேட்டை வெஸ்டர்னில் பார்க்கும்போது செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்படேஸ் தடுப்பான் இருக்கட்டும், இல்லையென்றால் கின்28 நன்றாக இருந்தாலும் பேண்ட் வராது.

இதோடு ஒட்டிய ஒரு குழப்பம்: இயல்பு ஈஸ்ட்டில் மைய புரோமோட்டரில் (படியெடுப்பு தொடங்கும் இடத்தை ஒட்டிய பகுதியில்) மீடியேட்டரைத் தேடினால் மங்கலாகத்தான் கிடைக்கும். உங்கள் ஆன்டிபாடியைக் குறை சொல்ல வேண்டாம். கின்28 வேலை செய்ததும் மீடியேட்டர் கிளம்பிவிடுகிறது. கின்28ஐ அடக்கிவிட்டுப் பாருங்கள், அதே ஆன்டிபாடியில் பளிச்சென்று வரும். 2014இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின.

அறிகுறி: பிளேட்டில் புரியாத வளர்ச்சி

ஐனோசிட்டால் இல்லாத பிளேட்டில் வளராதது படியெடுப்பு இயந்திரக் கோளாறின் பழைய அடையாளம். ஐனோசிட்டால் தயாரிக்கத் தேவையான ஐஎன்ஓ1 மரபணு எழவில்லை என்று பொருள். பாலிமரேஸின் வாலைக் குறுக்கினாலும் வரும், சாகாவைக் கெடுத்தாலும் வரும். ஆனால் எல்லா ஸ்ட்ரெய்னும் நன்றாக வளர்ந்துவிட்டால் ஊடகத்தைப் பாருங்கள். கடையில் வாங்கும் சாதாரண ஈஸ்ட் நைட்ரஜன் பேஸில் ஐனோசிட்டால் சேர்ந்தே வருகிறது. ஐனோசிட்டால் நீக்கிய தனிக் கலவை வாங்க வேண்டும்.

காலக்டோஸ் பிளேட்டில் வேறுபாடு தெரியவில்லையென்றால் ஆன்டிமைசின் சேருங்கள். சுவாசத்தை அடைத்தால்தான் காலக்டோஸை நொதிக்கச் செய்ய முடியாத மியூட்டன்ட் அடங்கும். திரவக் கல்ச்சரில் காலக்டோஸால் எழும் ஜிஏஎல்1 மரபணுவைத் தூண்டும்போது குளுக்கோஸிலிருந்து நேராக மாற்றாதீர்கள். ராஃபினோஸில் வளர்த்துவிட்டுக் காலக்டோஸ் கொடுங்கள். நேராக மாற்றினால் குளுக்கோஸ் அடக்குமுறை நீங்க மணிக்கணக்கில் ஆகும், அந்தத் தாமதம் காரணியின் தலையில் விழும்.

லைசின் இல்லாத பிளேட்டில் வளரக்கூடாத ஸ்ட்ரெய்ன் வளர்கிறதா? லைசின் தயாரிக்கத் தேவையான எல்ஒய்எஸ்2 மரபணுவுக்குள் டிஒய் தாவும் மரபணுவின் டெல்டா துண்டு செருகப்பட்ட ஸ்ட்ரெய்ன் என்றால், அது நல்ல செய்தி: அந்தச் செருகலையும் மீறி மியூட்டன்ட்டில் எல்ஒய்எஸ்2 ஓடுகிறது. எஸ்பிடி வகை மியூட்டன்ட்கள் பிடிபட்டதே இப்படித்தான். டிபிபியின் மரபணுவுக்கு எஸ்பிடி15 என்ற பெயர் வந்ததும் அங்கிருந்துதான். ஆனால் கலப்பினத்தில் நல்ல எல்ஒய்எஸ்2 பிரதி எங்காவது நுழைந்திருந்தாலும் இதே வளர்ச்சிதான் தெரியும். பிசிஆர் செய்து டெல்டா அங்கேயே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: உட்கருச் சாற்றில் எதுவும் ஓடவில்லை

இது செல்லுக்கு வெளியே, உட்கருக்களிலிருந்து எடுத்த சாற்றில் படியெடுப்பை ஓட்டும் சோதனை. குளோரைடு உப்பைப் பொட்டாசியம் அசிடேட்டாகவோ குளூட்டமேட்டாகவோ மாற்றுங்கள். ஈஸ்ட் சாறு குளோரைடை விரும்பாது. புரதங்கள் சிதைந்து வந்தால் பெப்4 மரபணு இல்லாத ஸ்ட்ரெய்னிலிருந்து சாறு எடுங்கள், வாக்குவோலின் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) குறையும். ஏடிபி புதியதா என்று பாருங்கள், எஸ்எஸ்எல்2 அது இல்லாமல் இழையைத் திறக்காது. வந்த பேண்ட் பாலிமரேஸ் 2 எழுதியதுதானா என்று அந்த நொதியை அடக்கும் ஆல்ஃபா-அமானிட்டின் நஞ்சை வைத்துச் சோதிக்கும்போது, பாலூட்டிச் சாற்றுக்குப் பயன்படுத்தும் செறிவையே போட்டுவிட்டு அடங்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஈஸ்ட்டின் பாலிமரேஸ் 2க்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.